'வளர்ச்சி இல்லை' என்று முடிவு வந்த பாலில் கிருமியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி கேட்டவரிடம் 6 கலப்பினப் பசுக்கள் இருக்கின்றன. கையால்தான் கறவை. மூன்றாம் ஈத்துப் பசு ஒன்றுக்கு 4 மாதத்தில் 3 முறை, அதே பின் வலது காம்பில் மடிநோய் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஊசி போட்டு, மடிக்குள் மருந்து ஏற்றியதும் பால் தெளிகிறது. 3 வாரம் போனதும் மறுபடி திரி திரியாக வருகிறது. பாலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் 'பாக்டீரியா வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "கண்ணெதிரே நோய் இருக்கிறது, கிருமி மட்டும் எங்கே போனது? பி.சி.ஆர். போன்ற மூலக்கூறு சோதனையில் அது அகப்படுமா? அகப்பட்டால் எந்த மருந்து கொடுக்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுமா?" என்பது அவருடைய கேள்வி.

கால்நடை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பால் மாதிரிகளோடு இருப்பவன் நான். சுருக்கமாகச் சொன்னால், கிருமி அகப்பட நல்ல வாய்ப்பு இருக்கிறது. மருந்தின் பெயரை அந்தச் சோதனை ஓரளவுக்குத்தான் சொல்லும். ஆனால் இந்தச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் பசுவுக்குப் பயனில்லை. அடுத்த மாதிரியை எப்படி எடுப்பது, ஆய்வகத்திடம் எதைக் கேட்பது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

முதலில் அந்த 'வளர்ச்சி இல்லை' முடிவைப் பார்ப்போம். ஆய்வகத்தில் உங்கள் பாலை ஒரு சிறு கம்பி வளையத்தால் தொட்டு, கிருமிகளுக்கு உணவாக இரத்தம் கலந்த ஊடகம் பரப்பிய தட்டில் இழுக்கிறார்கள். வழக்கமான வளையம் எடுப்பது 0.01 மில்லி, அதாவது ஒரு மில்லியில் நூற்றில் ஒரு பங்கு. தட்டை 37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வைத்து, எழும்பும் கிருமிக் கூட்டங்களின் நிறத்தையும் வடிவத்தையும் பார்ப்பார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பசுவின் பாலில் ஒரு மில்லிக்கு 50 கிருமிகள்தான் உயிரோடு இருக்கின்றன என்றால், அந்த வளையத்தில் ஒன்றுகூட ஏறாமல் போகலாம். தட்டு வெறுமையாக இருக்கும். அறிக்கையில் எழுதியது பொய்யாகாது. தட்டில் எதுவும் வளரவில்லை என்பது உண்மை. மடியில் கிருமி இல்லை என்று அதற்குப் பொருள் கொள்வதுதான் தவறு.

கிருமி குறைவாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. மாதிரி எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் போட்டிருந்தால், பாலில் தங்கியிருக்கும் மருந்து தட்டிலும் வேலை செய்து வளர்ச்சியை அடக்கிவிடும். மடிநோய்ப் பால் முழுக்கப் பசுவின் வெள்ளை அணுக்கள் நிறைந்திருக்கும். குப்பி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே அவை கிருமிகளை விழுங்கிக்கொண்டிருக்கும். ஈ.கோலை போன்ற கிருமியைப் பசுவின் உடலே பெரும்பாலும் அழித்துவிடுகிறது. நாம் மாதிரி எடுக்கும் நேரத்தில் கிருமி போய்விட்டிருக்கும், வீக்கம் மட்டும் மீதமிருக்கும். நம் ஊர் மடிகளில் அதிகம் காணப்படும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் வழி வேறு. அது மடித் திசுவுக்குள் சிறு சீழ்க்கட்டிகளை அமைத்துக்கொண்டு, பசுவின் செல்களுக்குள்ளும் புகுந்து ஒளிந்துகொள்கிறது. ஒரு நாள் பாலில் ஏராளமாக வரும், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. 3 முறை, அதே காம்பு, மருந்து போட்டதும் தெளிந்து 3 வாரத்தில் திரும்புவது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய பெயர் இதுதான். ஆனால் தோன்றுவதை வைத்து மருந்து எழுதக் கூடாது.

மைகோபிளாஸ்மா போவிஸ் என்ற ஒரு கிருமியும் உண்டு. அதற்குச் செல்சுவரே கிடையாது. சாதாரண இரத்தத் தட்டில் அது வளராது. தனி ஊடகமும், கரியமில வாயு கூட்டிய பெட்டியும், 7 முதல் 10 நாள் பொறுமையும் வேண்டும். அதைத் தேடும்படி கேட்காத வரை எந்த ஆய்வகமும் அதைத் தேடியிருக்காது.

வளராத மாதிரிகளில் என்னதான் இருக்கிறது என்று பின்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். 2009 இல் வெளியான ஆய்வு அது. மடிநோய் கண்ணுக்குத் தெரிந்தும் தட்டில் எதுவும் வளராத 79 மாதிரிகளை எடுத்து மூலக்கூறு சோதனைக்கு உட்படுத்தினார்கள். அவற்றில் 43 சதவீதத்தில் கிருமியின் டி.என்.ஏ. அகப்பட்டது. மீதியில் அகப்படவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வளர்ப்புச் சோதனையில் வராத எல்லாமே பி.சி.ஆரில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூலக்கூறு சோதனை என்றதும் ஏதோ தொலைவில் இருக்கும் பெரிய இயந்திரம் என்று நினைக்கிறோம். உங்கள் கொட்டகையிலேயே அதன் முதல் படியைச் செய்யலாம். நான்கு குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒரு குழியில் சிறிது பால் பீய்ச்சுங்கள். அதே அளவு ஊதா நிறக் கரைசலை ஊற்றித் தட்டை மெல்லச் சுழற்றுங்கள். நல்ல காம்பின் பால் தண்ணீராகவே ஓடும். நோயுள்ள காம்பின் பால் பத்து விநாடிக்குள் கெட்டியாகி, வெண்டைக்காய்க் குழம்பைப் போல இழுபடும். முற்றிய நோய் என்றால் குழியின் நடுவில் மேடாகத் திரண்டு நிற்கும். கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று 1957 முதல் உலகமெங்கும் செய்துவரும் எளிய முறை இது. அந்தக் கொழகொழப்பு எதனால் வருகிறது தெரியுமா? கரைசலில் இருக்கும் சோப்புப் பொருள் வெள்ளை அணுக்களை உடைக்கிறது, உள்ளே சுருண்டு கிடந்த டி.என்.ஏ. வெளியே வந்து பின்னிக்கொள்கிறது. அதாவது நீங்கள் கண்ணால் பார்ப்பது உங்கள் பசுவின் டி.என்.ஏ.வை. கல்லூரி மாணவர்களுக்கு டி.என்.ஏ. பாடம் தொடங்கும் நாளில் நான் முதலில் இந்தத் தட்டைத்தான் கையில் கொடுக்கிறேன். கையில் இழுபடுவதைப் பார்த்தபின் யாரும் அதை மறப்பதில்லை.

இந்தத் தட்டு, மடிக்குள் போர் நடக்கிறது என்று சொல்லும். எதிரி யார் என்று சொல்லாது. எதிரியின் பெயருக்குத்தான் பி.சி.ஆர்.

ஒவ்வொரு பாக்டீரியாவின் டி.என்.ஏ.விலும் அதற்கே உரிய வேதி 'எழுத்து'களின் தொடர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு தொடரின் இரு முனைகளிலும் பொருந்தும்படி இரண்டு சிறு டி.என்.ஏ. துண்டுகளைச் செய்துகொள்கிறோம். பிரைமர் என்பது அவற்றுக்குப் பெயர். பாலிலிருந்து பிரித்த டி.என்.ஏ.வோடு இவற்றைக் கலந்து 95 டிகிரி வரை சூடாக்கினால் இரட்டை இழை பிரிகிறது. 50, 60 டிகிரிக்கு இறக்கினால் பிரைமர்கள் தமக்குரிய இடத்தைத் தேடி ஒட்டிக்கொள்கின்றன. 72 டிகிரியில் டாக் என்ற நொதி மீதி இழையை நகலெடுக்கிறது. ஒரு சுழற்சியில் ஒன்று இரண்டாகிறது. 30 சுழற்சி முடியும்போது ஒரே ஒரு துண்டு 100 கோடிக்கு மேல் பெருகிவிடுகிறது. கேரி முல்லிஸ் 1983 இல் கண்ட வழி இது. 1993 இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த டாக் நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. சாதாரண நொதி 95 டிகிரியில் வெந்து போகும், இது தாங்குகிறது.

பிரைமர் ஒட்ட இடம் இருந்தால் பெருகும், இல்லாவிட்டால் பெருகாது. அவ்வளவுதான் சோதனை. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸைத் தேட வழக்கமாகப் பயன்படுவது 'நியூக்' என்ற மரபணு. சூட்டையும் தாங்கி டி.என்.ஏ.வைச் சிதைக்கும் ஒரு நொதியைச் செய்யும் மரபணு அது. என்ன கிருமி என்றே தெரியாதபோது, எல்லாப் பாக்டீரியாக்களுக்கும் பொதுவான '16 எஸ்' மரபணுவைப் பெருக்கி அதன் எழுத்துகளை வாசிக்கிறோம். சுமார் 1,500 எழுத்து நீளம். சில பகுதிகள் எல்லாப் பாக்டீரியாவிலும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும், பிரைமர் அங்கே ஒட்டும். இடையில் வரும் 9 பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும், பெயரை அங்கே வாசிக்கலாம். ஊரில் எல்லா வீட்டுக் கதவுக்கும் ஒரே சாவி, உள்ளே மாட்டியிருக்கும் படம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நெருங்கிய உறவுக் கிருமிகளை இந்த மரபணு பிரித்துக் காட்டாது. மடியில் வாழும் மற்ற ஸ்டெஃபிலோகாக்கஸ் இனங்கள் பல, இந்தப் பகுதியில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். அவற்றைப் பிரிக்க 'ஆர்.பி.ஓ.பி', 'டஃப்' போன்ற வேறு மரபணுக்களையும் வாசிக்க வேண்டும். 16 எஸ் மட்டும் பார்த்துவிட்டு இனப்பெயரை உறுதியாக எழுதும் ஆய்வறிக்கைகளை இன்றும் பார்க்கிறேன். அப்படிச் செய்யக் கூடாது என்று என் மாணவர்களிடம் விடாமல் சொல்லிவருகிறேன்.

பாலிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது இரத்தத்திலிருந்து எடுப்பது போல எளிதன்று. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான முடிவுகள் பல பிறக்கும் இடம் இதுதான். மடிநோய்ப் பாலைச் சுழலியில் வைத்துச் சுற்றி எடுத்தால் குழாயில் மூன்று அடுக்கு தெரியும். மேலே மஞ்சளாகக் கொழுப்புக் கட்டி, நடுவில் நீலம் பாய்ந்த வெள்ளைத் தண்ணீர், அடியில் பழுப்பு கலந்த வண்டல். பாக்டீரியா கனமானது, அடியில்தான் இருக்கும் என்று எண்ணி, கொழுப்பை வழித்து எறிந்துவிடுவார்கள். பாக்டீரியாவில் கணிசமான பங்கு கொழுப்புத் துளிகளோடு ஒட்டிக்கொண்டு மேலே போய்விடுகிறது. எறிந்தது கிருமியையும் சேர்த்துத்தான். அடுத்து, பாலின் சுண்ணாம்புச் சத்து. டாக் நொதிக்கு மக்னீசியம் வேண்டும். பாலில் நிறைந்திருக்கும் கால்சியம் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு நொதியை முடக்குகிறது. பாலின் புரதங்களும், புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் தம் பங்குக்குக் கெடுக்கும். இதனால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரலாம். நல்ல ஆய்வகம் ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த ஒரு டி.என்.ஏ. துண்டைக் கூடவே போட்டு, அது பெருகுகிறதா என்று பார்க்கும். அதுவும் பெருகவில்லை என்றால் சோதனையே நடக்கவில்லை என்று பொருள். 'உள் கட்டுப்பாடு வைத்தீர்களா?' என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இன்னொரு சிக்கல், ஸ்டெஃபிலோகாக்கஸின் தடித்த சுவர். மற்றப் பாக்டீரியாக்கள் பலவற்றை உடைக்கும் லைசோசைம் என்ற நொதி அதனிடம் பலிப்பதில்லை. லைசோஸ்டாஃபின் என்ற தனி நொதியோ, நுண்ணிய மணிகளோடு போட்டுக் குலுக்கி உடைப்பதோ தேவை. இதைச் செய்யாத முறையில் ஈ.கோலை எளிதில் தெரியும், ஸ்டெஃபிலோகாக்கஸ் மறைந்துபோகும். ஆய்வகம் கண்ட கிருமிகளின் பட்டியலில் ஈ.கோலை அதிகம் என்று வந்தால், அது மாட்டின் நிலைமையா, முறையின் குறையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, எப்படியும் ஆன்டிபயாடிக்தானே என்று பலர் கேட்கிறார்கள். பெயரைப் பொறுத்து முடிவு தலைகீழாக மாறும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று வந்தால் மகிழ்ச்சி. பாலை இல்லாமல் செய்வது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். 1887 இல் பிரான்ஸில் நோகார்டும் மோல்லெரோவும் அடையாளம் கண்ட கிருமி. ஆனாலும் பெனிசிலினுக்கு இன்றும் நன்றாக அடங்குகிறது. நோயுள்ள எல்லாப் பசுவுக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுத்துக் கொட்டகையை விட்டே துரத்திவிடலாம். ஈ.கோலை என்று வந்தால், பசு நன்றாகத் தின்று, காய்ச்சல் இல்லாமல் நின்றால் ஆன்டிபயாடிக்கால் பெரிய பயன் இல்லை. அடிக்கடி பீய்ச்சி விடுவதும் கண்காணிப்பும் போதும் என்ற முடிவுக்கு மருத்துவர் வரலாம். அதே ஈ.கோலையில் பசு படுத்துவிட்டால், காது சில்லிட்டுப் போனால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. அறிக்கைக்காகக் காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவரை அழைக்க வேண்டும். மைகோபிளாஸ்மா என்று வந்தால், செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் குடும்பம் முழுவதும் வீண். அதற்குச் சுவரே இல்லை. அந்தப் பசுவைப் பிரித்து வைப்பதுதான் மருந்து.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்தால் மிகவும் யோசிக்க வேண்டும். இளம் பசு, புதிய நோய், ஒரே காம்பு என்றால் நீண்ட நாள் மருந்து கொடுத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஈத்து கூடக் கூட, நோய் பழகப் பழக, பின் காம்பாக இருந்தால், குணமாகும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. அப்போது ஒவ்வொரு மாதமும் மருந்து வாங்குவது பணத்தை ஆற்றில் விடுவதுதான். அதைவிட முக்கியமானது, இந்தக் கிருமி பசுவிலிருந்து பசுவுக்குக் கறப்பவரின் கை வழியாகவே போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு பண்ணையில் 5 பசுக்களில் 3 பசுக்களுக்கு ஒரே இழைக் கிருமி இருப்பதைக் கண்டோம். கறந்தவர் தினமும் காலையில் அதிகம் பால் தரும் பசுவிடம்தான் முதலில் போவார். அந்தப் பசுதான் நோயின் ஊற்று. நாங்கள் மருந்தை மாற்றவில்லை, வரிசையை மாற்றினோம். நல்ல பசுக்கள் முதலில், சந்தேகப் பசு கடைசியில், ஒவ்வொரு பசுவுக்கும் நடுவில் கை கழுவித் துடைப்பது, கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குவது. புதிய பசுக்களுக்குப் பரவுவது நின்றது. பெயர் தெரியாமல் இருந்திருந்தால் அந்த வீட்டம்மா இன்றும் ஊசிக்குச் செலவழித்துக்கொண்டிருப்பார்.

இழை என்று சொன்னேன், அதையும் விளக்கிவிடுகிறேன். ஒரே இனத்துக் கிருமியிலும் குடும்பங்கள் உண்டு. 7 மரபணுக்களை வாசித்து அந்தக் குடும்பத்தைக் குறிக்கும் முறை பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் 'பி' வகை என்ற ஒரு குடும்பம் மட்டும் மந்தை முழுக்க வேகமாகப் பரவுவதைக் கண்டார்கள். மற்ற வகைகள் ஒன்றிரண்டு பசுவோடு நின்றுவிடும். அந்த வகைக்கே உரிய ஒரு மரபணுவைப் பிடித்து பி.சி.ஆர். அமைத்து, பண்ணையின் தொட்டிப் பாலிலேயே அதைத் தேடினார்கள். டிசினோ மாநிலம் முழுவதும் அதை ஒழிக்கும் திட்டம் அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு பசுவையும் தொடாமல், தொட்டியிலிருந்து ஒரு குப்பி பால் எடுத்தால் பண்ணையின் நிலை தெரிந்துவிடுகிறது. நியூசிலாந்தில் 2017 ஜூலையில் மைகோபிளாஸ்மா போவிஸ் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. 2018 இல் நாட்டை விட்டே அதை ஒழிப்பது என்று முடிவெடுத்து, 1.8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை வெட்ட வேண்டியதாயிற்று. பண்ணைத் தொட்டிப் பாலைச் சோதிப்பது அந்தத் தேடலின் முக்கியத் தூணாக இருந்தது. நம் ஊர்ச் சங்கங்களில் காலையும் மாலையும் பல வீட்டுப் பால் ஒரே கேனில் சேர்கிறது. அங்கே கொழுப்பும் பால்மானி அளவும் பார்ப்பதோடு, வருடத்துக்குச் சில முறையாவது இப்படி ஒரு சோதனை நடந்தால் எத்தனை மடிகளைக் காப்பாற்றலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இனி மருந்துக் கேள்விக்கு வருகிறேன். சில எதிர்ப்புகளை டி.என்.ஏ.விலேயே வாசிக்கலாம். 'பிளா இசட்' என்ற மரபணு ஸ்டெஃபிலோகாக்கஸில் இருந்தால் அது பெனிசிலினை உடைத்துவிடும். மடிநோய்க்கென்று விற்கப்படும் பி.சி.ஆர். தொகுப்புகளில் கிருமிப் பெயர்களோடு இந்த மரபணுவையும் சேர்த்தே பார்ப்பவை உண்டு. 'மெக் ஏ' என்ற மரபணு இருந்தால் பெனிசிலின் குடும்பம் ஏறத்தாழ முழுவதும் பயன்படாது. இது நல்ல செய்தி. ஆனால் இதன் எல்லையைக் காட்டும் ஒரு உண்மை நிகழ்ச்சி, பாலிலிருந்தே கிடைத்தது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பசு மடிநோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 2007 இல் தென்மேற்குப் பகுதிப் பண்ணை ஒன்றின் தொட்டிப் பாலில் கிடைத்த ஒரு ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், தட்டில் வைத்த மருந்துக்கு அடங்க மறுத்தது. மெக் ஏ இருக்கும் என்று எதிர்பார்த்து பி.சி.ஆர். செய்தார்கள். இல்லை என்று வந்தது. தட்டு ஒன்று சொல்கிறது, பி.சி.ஆர். இன்னொன்று சொல்கிறது. சோதனைத் தவறு என்று தூக்கிப் போடாமல் அதன் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்தார்கள். மெக் ஏ போலவே வேலை செய்யும், ஆனால் எழுத்துகளில் சுமார் 70 சதவீதம் மட்டுமே ஒத்துப்போகும் வேறொரு மரபணு அங்கே இருந்தது. பழைய பிரைமர்கள் அதில் ஒட்டவே இல்லை. 2011 இல் இதை வெளியிட்டார்கள், பின்னர் அதற்கு 'மெக் சி' என்று பெயர் வந்தது. அதே மரபணு கொண்ட கிருமிகள் மனித நோயாளிகளின் பழைய மாதிரிகளிலும் இருந்தது தெரியவந்தது. பி.சி.ஆர். நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் விடை சொல்லும் என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி வேறு இல்லை. கேட்காத கேள்விக்கு அது மௌனமாக இருக்கும், அந்த மௌனம் 'இல்லை' என்பதைப் போலவே தோற்றமளிக்கும்.

ஆகவே மருந்துத் தேர்வுக்கு, உயிருள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து வில்லைகளைச் சுற்றி எவ்வளவு இடம் வெறுமையாகிறது என்று பார்க்கும் பழைய முறை இன்னமும் தேவை. பி.சி.ஆர். வந்துவிட்டது, தட்டை மூட்டை கட்டலாம் என்பது சரியன்று. முடிந்தால் இரண்டையும் ஒரே மாதிரியில் கேளுங்கள்.

பி.சி.ஆரின் மறுபக்கத் தவறும் ஒன்று உண்டு. அது செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் பெருக்கும். மருந்து முடிந்த மறுவாரமே சோதித்தால், குணமான மடியிலும் 'இருக்கிறது' என்று வரலாம். மருந்து பலித்ததா என்று பார்ப்பதானால் குறைந்தது 3 வாரம் விட்டுப் பாருங்கள். அதேபோல, காம்பின் தோலிலும் துவாரத்திலும் வாழும் சாதாரணக் கிருமிகளும் அதில் தெரியும். ஒரு முறை ஒரு குப்பியில் 5 வகைக் கிருமிகள் வந்தன. அனுப்பியவர் பதறிப்போய் நேரில் வந்துவிட்டார். விசாரித்தால், மடியை நன்றாகக் கழுவியிருக்கிறார், துடைக்கவில்லை. மடியிலிருந்து வழிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காம்பு வழியே குப்பிக்குள் இறங்கியிருக்கிறது. ஒரே காம்பில் 3 வகையோ அதற்கு மேலோ வந்தால் மாதிரி கெட்டது என்றே கொள்ள வேண்டும்.

அறிக்கையில் 'இருக்கிறது' என்பதோடு ஓர் எண்ணும் வரும். எத்தனையாவது சுழற்சியில் டி.என்.ஏ. கண்ணில் பட்டது என்பதன் எண் அது. எண் சிறிதாக இருந்தால் கிருமி அதிகம். ஏறத்தாழ 3.3 சுழற்சிக்கு ஒரு பத்து மடங்கு வேறுபாடு. 22 என்று வந்தால் மடியில் கிருமி குடியிருக்கிறது. 36 என்று வந்தால் அது பழைய மிச்சமாகவோ தோலிலிருந்து வந்ததாகவோ இருக்கலாம். மறுபடி ஒரு மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த எண்ணைத் தராமல் 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கேட்டு வாங்குங்கள்.

வேறு இரண்டு கருவிகளின் பெயரும் உங்கள் காதில் விழுந்திருக்கலாம். மால்டி-டாஃப் என்பது வளர்ந்த கூட்டத்திலிருந்து ஒரு துளியை லேசர் ஒளியால் தாக்கி, புரதங்களின் எடைக் கோலத்தைக் கொண்டு சில நிமிடங்களில் இனப்பெயரைச் சொல்லும் இயந்திரம். தட்டில் வளர்ந்தால்தான் அதற்கு வேலை, ஆகவே உங்கள் சிக்கலுக்கு உதவாது. லேம்ப் என்பது ஜப்பானில் 2000 இல் வெளியான முறை. சூட்டை ஏற்றி இறக்க வேண்டியதில்லை. 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் குழாயை வைத்தால் போதும், நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். கிராமத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் பொருந்தக்கூடிய முறை என்று நான் இதன் மேல் மிகுந்த நம்பிக்கை வைத்திருக்கிறேன்.

செலவைப் பற்றியும் நினைக்க வேண்டும். 6 பசு என்றால் 24 காம்பு. எல்லாவற்றையும் பி.சி.ஆருக்கு அனுப்பத் தேவையில்லை. உங்கள் கால்நடை மருத்துவரிடம் அந்த ஊதாக் கரைசல் இருக்கும். முதலில் 24 காம்பையும் அந்தத் தட்டில் பாருங்கள். கெட்டியாகும் காம்புகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பசு நன்றாக இருக்கிறது, பால் வெள்ளையாக இருக்கிறது என்று நீங்கள் நம்பும் ஒன்றிரண்டு காம்புகளும் அந்தப் பட்டியலில் வரக்கூடும். அப்படி மறைந்திருக்கும் நோய்தான் கொட்டகையில் கிருமியை உயிரோடு வைத்திருக்கிறது. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் துறை உண்டு. மாதிரியை எடுக்கும் முன் அங்கே பேசி, எந்தக் கிருமிகளுக்குப் பார்ப்பார்கள், எந்த நாளில் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மைகோபிளாஸ்மாவைத் தனியாகக் கேளுங்கள்.

அதுவரை, சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து மடியில் பூசுவதை நிறுத்த வேண்டாம். வீக்கத்துக்கு அது நல்ல துணை, பல பண்ணைகளில் பயன் தந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மாதிரி எடுக்கும் காலையில் மட்டும் பூசாமல் இருங்கள். அந்தப் பசுவின் பாலை வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம், சங்கத்துக்கும் ஊற்ற வேண்டாம். கன்றுக்கும் கொடுக்காதீர்கள், கிருமி கன்றின் வழியாகவும் சுற்றும். மற்றப் பசுக்களின் பாலைப் பொங்கக் காய்ச்சிய பிறகே குடியுங்கள். மடிநோய்க் கிருமி மட்டுமன்றி, மாட்டுக்குக் கருச்சிதைவைத் தரும் புரூசெல்லாவும் பால் வழியாக மனிதருக்கு வரும்.

மாதிரி எடுக்கும் முறை இது. விடியற்காலைக் கறவைக்கு முன், மருந்து போடாத நாளாகப் பார்த்து, மடியைக் கழுவி முழுக்கத் துடைத்து உலரவிடுங்கள். முதல் மூன்று நான்கு பீய்ச்சலைத் தனிப் பாத்திரத்தில் விட்டுவிடுங்கள், தரையில் விட வேண்டாம். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் காம்பின் நுனியை, பஞ்சில் அழுக்கு ஒட்டாத வரை துடையுங்கள். ஒரு காம்புக்கு ஒரு பஞ்சு. உங்களுக்கு எட்டத்தில் இருக்கும் காம்புகளை முதலில் துடைத்து, அருகில் இருப்பவற்றைக் கடைசியில் துடையுங்கள். பால் எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக அருகில் இருப்பதில் தொடங்குங்கள், அப்போதுதான் துடைத்த காம்பின் மேல் கை உரசாது. குப்பியை நிமிர்த்திப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்தால் மாட்டின் மயிரும் தூசியும் உள்ளே விழாது. மூடியின் உட்புறம் தரையைப் பார்த்தபடி விரலிடுக்கில் இருக்கட்டும். சில மில்லி பால் போதும். உடனே ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் விட்டுவிட்டு வெளிவரும் கிருமி என்பதால், அதே பின் வலது காம்பிலிருந்து சில நாள் இடைவெளியில் மொத்தம் 3 மாதிரி எடுப்பது நல்லது.

குப்பியின் மேல் பசுவின் அடையாளம், எந்தக் காம்பு, தேதி, நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியாக எந்த மருந்தை எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். ஈரக் கையால் தொட்டால் அழியாத மையில் எழுதுங்கள்.